டைல்ஸுக்குள் மக்கிய தூண்

தேக்கு மக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். யாங்கோனில் முப்பது வருஷத்துக்கு மேல் பழைய மரக் கட்டடங்களைச் செப்பனிடும் மேஸ்திரியாக இருந்தவன் நான். பெகு மலைக்காட்டில் மரம் எடுக்கப் போன நாட்களில், மழையில் விழுந்து கிடந்த தேக்கின் வெளிறு, அதாவது பட்டைக்கு அடுத்த வெளிமரம், முழுக்கக் காளான் பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வைரம் ஏறிய நடுமரம் தாங்கும். வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறப்போட்டால் அதுவும் போகும். காட்டில் அது நடக்க வேண்டிய காரியம்தான். பிள்ளைகள் உட்காரும் மாடிக்கு அடியில் நடக்கக் கூடாது.

1. வெயிலில் பார்த்தது

போட்டாதாங் பக்கம் தமிழ் முஸ்லிம்களின் சங்கக் கட்டடம் ஒன்று. கீழே கூடம், மேலே பிள்ளைகள் ஓதும் வகுப்பு. எல்லாம் பன்னிரண்டு தேக்குத் தூண்களின் மேல் நிற்கிறது. கட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒவ்வொரு தூணையும் கருங்கல் மேல் நிறுத்தி, அடியில் காற்றுப் போக விட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நன்கொடை கொடுத்தவர் பெயரைப் போடுகிறேன் என்று தூணடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, இடுப்புயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி, நடுவில் பளிங்குப் பலகை பதித்துவிட்டார்கள். மழை ஈரம் உள்ளே இறங்கும், வெளியே வர வழியில்லை. புண்ணியம் செய்தவர் பெயரைப் போட வேறு சுவரே இல்லையா?

திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன், கூரை ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூரையைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் தூண்களையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். படிக்கட்டுப் பக்கத்துத் தூண், டைல்ஸுக்குச் சற்று மேலே பொத்தென்று சத்தம் கொடுத்தது. குத்தூசியை வைத்து அழுத்தினேன். இரண்டு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கியது.

இங்கே மரியாதைக்கு ஆண்கள் பெயருக்கு முன்னால் ஊ என்றும், பெண்கள் பெயருக்கு முன்னால் மா என்றும் சேர்ப்பார்கள். சங்கத் தலைவர் ஊ ஜமாலிடம் சொன்னேன். "பாய், இந்த டைல்ஸ உடைச்சுப் பாக்கணும்."

"அதுல ஊ சுல்தான் பேரு இருக்கு, மேஸ்திரி. மௌத்தாப் போன மனுசன். அவர் மக மா ஆயிஷாதான் மேல ஓதிக் குடுக்குறா. ஒங்க வாப்பா பேர உடைக்கிறோம்னு அவகிட்ட எப்படிக் கேக்குறது? ஆனாடெ."

அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசுவதைப் பர்மியர் ஆனாடெ என்பார்கள். நல்ல குணம்தான், ஆனால் தூணுக்கு அது புரியுமா? மறுபடி சொன்னேன். "மழ முடியட்டும், பாப்போம்" என்றார். எரிச்சலை விழுங்கிக்கொண்டு கூரையை மட்டும் முடித்துக் கொடுத்தேன்.

2. மழையில் வெளியே வந்தது

ஆடி மழையில் ஊ ஜமாலே போன் செய்தார். படிக்கட்டில் ஒரே வாடை, எலி செத்திருக்கும் என்றார். எலியாவது கிலியாவது! போய்ப் பார்த்தால், டைல்ஸ் இடுக்கிலிருந்து காளான் காது காதாகப் பிதுங்கி நின்றது. அதற்கு முன்பும் முளைத்திருக்கிறது. யாரோ சுரண்டிப் போட்டுவிட்டு, இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் வேறு பூசியிருந்தார்கள்.

மாடிக்கு ஓடினேன். அந்தத் தூணுக்கு நேர் மேலே தரை இறங்கி, வகுப்பறைக் கதவு மூட முடியாமல் நின்றது. பக்கத்திலேயே இருபது பிள்ளைகள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"சயாமா, புள்ளைங்கள எறக்குங்க. பின்பக்கப் படி வழியா, ஒவ்வொருத்தரா" என்றேன். ஆசிரியையை இங்கே சயாமா என்றுதான் அழைப்போம்.

எல்லோரும் இறங்கிய பிறகு, ஊ ஜமாலையும் வைத்துக்கொண்டு மா ஆயிஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வெயில் காலத்திலேயே தெரியும் என்பதையும், அவருடைய வாப்பா பெயருக்காக நிறுத்தி வைத்ததையும் மறைக்கவில்லை. அவர் ஊ ஜமால் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட யாரு கேட்டா?"

"ஒம் மனசு கஷ்டப்படும்னுதாம்மா..."

"தெனமும் ஒங்க முன்னாலதானே ஏறிப் போறேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே நானே சுத்தியலெடுத்து உடைச்சிருப்பேன். இருபது புள்ளைங்கள மேல வச்சிக்கிட்டு எனக்கு ஆனாடெயா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் கேக்கலியே, மேஸ்திரி."

நான் வேலையாட்களைக் கூப்பிடக் கிளம்பினேன்.

அன்றே ஜாக்கி கொடுத்து உத்தரத்தைத் தாங்கி, டைல்ஸை உடைத்தோம். மரம் கையோடு பிய்ந்து வந்தது. குளிர்காலத்தில் ஈரம் காய்ந்ததும், மக்கிய அடியை வெட்டி எடுத்துப் பழைய தேக்கிலேயே வேறு கால் பொருத்தினோம். மற்ற பதினொரு தூண்களின் டைல்ஸும் போயிற்று.

ஊ ஜமால் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என் மேலும்தான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழுதைக் கமிட்டியிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். அந்தத் தூணுக்கு மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து, அவரிடமே நேரில் சொல்லுங்கள். அந்த வெயில் காலத்தில் எனக்கு ஏற வேண்டியிருந்தது வெறும் பதினாறு படி. நான் ஏறவில்லை.