சஃப்ரன்போலுவில் என்னைத் தெரியாதென்றாள்

நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிட்னியில் ரயில் சிக்னல் திருத்துகிறவன் நான். சிவப்பு விளக்கு மாறாவிட்டால் எங்கே வயர் விட்டிருக்கிறது என்று தேடிப் போவேனே தவிர, பேய் பிசாசு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு நானும் என் மனைவி சுகந்தியும் முதன்முதலாகத் தனியாகப் போன பயணம் அது. துருக்கியில் சஃப்ரன்போலு என்று ஒரு பழைய ஊர், மரச்சட்டம் போட்ட வெள்ளை வீடுகள், கல் பதித்த ஒழுங்கைகள். இலையுதிர் காலம், குங்குமப்பூ பறிக்கிற நாட்கள். ஒருநாள் மத்தியானம் ஒரு வீட்டில் தாயும் வளர்ந்த மகளும் மேசை நிறைய ஊதாப் பூக்களைக் கொட்டி, உள்ளே இருந்த சிவப்பு இழைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்த எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டு, உட்காரக் கதிரை தந்து, தேத்தண்ணியும் வைத்தார்கள்.

சுகந்தி ஒரு பூவை எடுத்தாள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் அவள் விரல்கள் அந்த மகளின் விரல்களைவிட வேகமாக ஓடின. பிறகு அந்தத் தாயிடம் ஏதோ சொன்னாள். துருக்கி மொழியில். நன்றி என்ற ஒரு சொல்லே வாயில் நுழையாமல் அந்தப் பயணம் முழுக்கத் திண்டாடியவள், நிறுத்தாமல் கதைத்தாள், அந்த அம்மாவும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். பகிடி விடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“சுகந்தி, காணும். எழும்பும், போவம்” என்று தோளைத் தொட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் யாரோ ஒருவன் கை பட்டால் ஒரு பெண் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கையை உதறிவிட்டு ஏதோ சொன்னாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவளின் வாய்க்கு நேரே ஃபோனைப் பிடித்தேன். அது உயிரில்லாத குரலில் தமிழில் சொன்னது: “இந்த மனிதர் யார்? அவரைப் போகச் சொல்லுங்கள்.”

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்தார். ஃபோனில் இருந்த எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி அவளிடம் காட்டினார். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி நாக்கால் ‘ச்’ கொட்டினாள். அந்த நாட்டில் இல்லை என்பதற்கு அப்படித்தான் செய்வார்கள்.

அவர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டு, கதவைச் சாத்திவிட்டார். நான் படியில் இருந்தேன். பொலிசிடம் போய் என்னவென்று சொல்வது, மனைவி உள்ளே இருக்கிறாள், ஆனால் என்னைத் தெரியாதாம் என்றா? உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மடியில் காய்ந்த இலைகள் விழுந்தன, தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பொழுதுபட்டு, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் எழுந்தபோது கதவு திறந்தது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி சுகந்தி நின்றாள்.

“என்னப்பா, பாதியில எழும்பிப் போட்டியள்? உங்கட தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

அவர்களோடு என்ன கதைத்தீர் என்று கேட்டேன்.

“நான் என்னத்தைக் கதைக்கிறது? அவைக்கு இங்கிலீசும் தெரியாது. சும்மா சிரிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.” என் முகத்தைப் பார்த்து, “ஏன் அழுதனீங்கள்?” என்றாள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுக்காரர் என்னை முறைத்தபடியே நின்றார்.

சிட்னிக்கு வந்து அவளை டொக்டரிடம் காட்டினேன், தலையை ஸ்கேன் செய்தார்கள், ஒரு குறையும் இல்லை. உங்களைத்தான் காட்ட வேண்டும் என்று சுகந்தி கோபப்பட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் சிட்னியிலேயே ஓபர்னில் ஒரு துருக்கி பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனோம். சுகந்தி ஆங்கிலத்தில்தான் கேட்டாள், பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். அவள் காருக்குப் போன பிறகு கடைக்காரப் பெண் சிரித்தபடி என்னைக் கேட்டாள்: உங்கள் மனைவி குங்குமப்பூ பறிக்கிற நாட்களுக்குச் சொந்த ஊர் சஃப்ரன்போலுவுக்கே திரும்பிப் போகிறாளாமே, நீங்கள் கூடப் போகவில்லையா?

காரில் ஏறினேன். சுகந்தி பாணைப் பிய்த்து, “சூடாயிருக்கு, சாப்பிடுங்கோ” என்று நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.