இடம் பிடிக்கப் போய்

யுத்தம் வந்தபின் மதுரையில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. என் கணவருக்கு அங்கே மில் வேலை என்றாலும் நாங்கள் காரியாபட்டியில்தான் குடியிருக்கிறோம். எதற்கும் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறோம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அதையும் இப்போது அடுப்புக்கரி போட்டு ஓட்டுகிறார்கள்.

அன்று மதுரைக்குப் போகும் பஸ் கூட்டத்தோடு வந்து நின்றது. ஜன்னலோரம் ஒருவர் எழுந்ததைப் பார்த்ததும், எல்லோரும் செய்வதைப்போல நானும் என் நாலு வயது மகள் ரூத்தை ஜன்னல் வழியாக அந்த இடத்தில் இறக்கினேன்.

“யாருக்கும் எடத்தக் குடுத்துறாத. அம்மா வாரேன்.”

நான் படிக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கரிப்புகைதான் முகத்தில் அடித்தது.

வெற்றிலைக்கடைக்காரர் சொன்னார்: “கரி வண்டி, நடுவழியில நிப்பாட்டுனா திரும்பக் கெளம்பாதுன்னு ஓட்டிட்டுப் போறாக தாயி. சாயங்காலம் அதே வண்டிதான் திரும்பி வரும். அதுவரைக்கும் வேற வண்டி கெடையாது, என்ன செய்ய முடியும்?”

ஒன்றும் செய்ய முடியவில்லை. மதுரைக் கூட்டத்தில் அவள் எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாளோ என்று நினைத்தபடி ரோட்டோரத்திலேயே கிடந்தேன்.

பொழுது சாயும்போது பஸ் வந்தது. அதே ஜன்னலோரத்தில் ரூத் இருந்தாள்.

“எல்லாரும் எறங்கியாச்சு, இவ மட்டும் எந்திரிக்கல. அம்மா வரும்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டா” என்றார் கண்டக்டர்.

இப்போதெல்லாம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேதான் போகிறேன். யாராவது இரக்கப்பட்டு எழுந்து இடம் கொடுத்தால், அவள் என் கழுத்தை இறுக்கிக்கொள்கிறாள்.