கோயில்காட்டில் அள்ளிய மண்

எங்கள் ஊர்க் கோயில்காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளியே வரும்போது எல்லைக்கல் பக்கத்தில் நின்று, வேட்டியானாலும் சேலையானாலும் உதறிவிட்டு வர வேண்டும். உள்ளே விழுந்த இலை உள்ளேயே கிடக்கணும் என்பது ஊர்க்கட்டு. விறகு பொறுக்கினாலும் குற்றம், சருகு அள்ளினாலும் குற்றம். இத்தனைக்கும் அது பெரிய காடெல்லாம் இல்லை. நாகமலைப் பக்கம் உசிலையும் வேம்பும் குருந்தும் அடர்ந்த ஒரு திட்டு. சுற்றிலும் தோட்டங்களும், ப்ளாட் போட்டு நட்ட மஞ்சள் கற்களும்தான்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுக்கிறேன். வீடு விளாங்குடியில். அந்தக் காட்டில் எவ்வளவு இலை உதிர்கிறது, அது எப்படி மக்கி மரத்துக்கே திரும்பப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஊர் சம்மதித்ததற்கு ஒரே காரணம், நான் அந்த ஊர்ப் பெண் என்பது. அப்போதும் எதுவும் வெளியே போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தி எடை போடுவதுதான் முறை. நானோ காட்டுக்குள்ளேயே சாக்கு விரித்து வெயிலில் காயவைத்து, கைத்தராசில் நிறுத்து, அங்கேயே கொட்டிவிட்டு வந்தேன். புளி காயப்போடுகிற மாதிரி இருக்கிறது என்று கல்லூரியில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உசிலை இலை பொடிப்பொடியாக இருக்கும், விழுவதை ஏந்தக் கட்டுகிற சாதாரண வலையில் நிற்காது. அதனால் செல்லூரில் கொசுவலைத் துணி வாங்கி, நானே தைத்து மரங்களுக்கடியில் கட்டினேன்.

இலையை உதிர்ப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் சத்தில் ஒரு பங்கை மரம் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. மீதியோடு இலை விழும். ஐப்பசி மழையில் பூஞ்சையும் கறையானும் மரவட்டையும் அதைத் தின்று மண்ணாக்கும். சருகை விலக்கிப் பார்த்தால் தலைமுடி போல மெல்லிய வேர்கள் மேலே ஏறி வந்து காத்திருக்கும். மரம் தானே சமைத்துத் தானே சாப்பிடுகிற கதைதான். யாரும் உரம் போடாத அந்த மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. எனக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் இதையெல்லாம் அளந்தேன். அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். அந்த வருசம் செடிகள் வெளுத்து, மொட்டு சிறுத்துப் போயிருந்தது. பூ மார்க்கெட்டில் அவர் பூவை ஓரமாக ஒதுக்கிவைத்தார்கள் என்று ஆத்திரத்தில் இருந்தார். “அந்தக் காட்டு மண்ணு மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கயும் கெடையாதுப்பா” என்றேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, பஸ் காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது கோயில் பூசாரி போனில் கூப்பிட்டார். அம்மா வழியில் எனக்கு மாமா முறை.

“தாயி, மண்ணு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. ஒங்கப்பா டிராக்டர்ல அள்ளிட்டிருந்தாரு. பயலுக மறிச்சுட்டாய்ங்க. ஒன் ஆராய்ச்சிக்குன்னாரு. சரின்னு விட்டாச்சு. அதுக்காக அம்புட்டா அள்ளுறது?”

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். முகம் எரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் கூசியது. ஆமாம், எனக்குத்தான் என்று சொன்னால் என் பெயரால் ஊர்க்கட்டு உடையும். நாளைக்கு ஆளாளுக்கு மண்வெட்டியோடு போய் நிற்பார்கள், அந்தக் காடு தாங்காது. இல்லை என்று சொன்னால், இந்த வயதில் அப்பா ஊர் முன்னால் திருடனாக நிற்பார்.

நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கறுப்பு மண்ணை மல்லிகைச் செடிகளுக்கு அணைத்து, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“எதுக்குப்பா எம்பேரச் சொன்னீங்க?”

“ஒம்பேரச் சொன்னாத்தான விடுவாய்ங்க. மக்கிக் கெடக்குற சருகு பாப்பா. அதுல காட்டுக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

என்ன குறையும் என்பதையும் அன்றைக்கு நானேதான் அவரிடம் அளந்திருந்தேன். தாறுமாறாகக் கத்தினேன். நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்லுவேன் என்றேன். சொல்லிக்கோ என்று மடையை மாற்றிவிடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தபோது சொன்னேன். அந்த மண்ணை நான் கேட்கவில்லை என்ற ஒரு வாக்கியத்துக்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. ஒருத்தரும் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. போனது திரும்பி வரணும் என்று மட்டும் சொன்னார்கள். மறுநாளே ஆட்கள் கூடைகளோடு தோட்டத்துக்குப் போய், செடிக்கு அணைத்திருந்த மண்ணைச் சுரண்டி டிரெய்லரில் ஏற்றினார்கள். அப்பாதான் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

காட்டு வாசலில் கொட்டப்போகும்போது ஒரு கை அள்ளிப் பார்த்தேன். காட்டு மண்ணும் தோட்டத்து மண்ணும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனபோது மருந்து நெடி. மொட்டுப்புழுவுக்கென்று அப்பா வாராவாரம் அடிக்கிற மருந்து. அந்த மண் உள்ளே போனால் மரவட்டையும் பூஞ்சையும் செத்துப்போகும், அப்புறம் விழுகிற இலை மக்காமல் அப்படியே கிடக்கும். கொட்டாதீர்கள் என்று தடுத்தேன். காரணத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. திருடன் என்று சொன்னது போதாதென்று, அவர் ஆயுசெல்லாம் பாடுபட்ட மண் விஷம் என்றும் அத்தனை பேர் முன்னால் நானே சொன்னேன்.

“அப்ப உள்ள மண்ணள்ளுன பள்ளம் எப்படி நெறையும் தாயி?” என்றார் பூசாரி.

“எலை விழுந்து, மக்கி, தானா நெறையணும் மாமா.”

“அதான் எப்பன்னு கேக்குறேன். ஒங்கப்பா இருக்கும்போதே நெறஞ்சுருமா?”

ஒரு பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்பா டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெறையாது” என்றேன்.

அப்பாதான் பேசினார். “அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். படிச்சிருக்கால்ல” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது. அவர் மண் அள்ளியதற்கு நான் பட்ட வெட்கத்தை எப்படியோ விழுங்கிவிட்டேன். அந்தப் பெருமையைத்தான் இன்றைக்குவரை என்னால் தாங்க முடியவில்லை.