கவரை வாங்கிப்போனது புருஷன்

1. கவர்

செல்வி அக்காவின் ரிசல்ட் கவரை அவர் புருஷன் தேசப்பன் கையில் கொடுத்தேன். நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வேலையில் நான் செய்த முதல் தப்பு அதுதான்.

எண்ணூர்ப் பக்கத்து சுகாதார நிலையம் எங்களுடையது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்னாடியே பிடிக்க எச்.பி.வி. டெஸ்ட் எடுக்கிறோம். காத்திவாக்கம் குப்பத்துப் பெண்கள் விடியும்போதே மீன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். அதனால் கவர்மென்ட் காகிதம் எது வந்தாலும் கரையில் இருக்கிற ஆண் வந்து வாங்குவதுதான் வழக்கம். ரேஷன் அட்டை மாதிரி நினைத்து நானும் கொடுத்துவிட்டேன். உள்ளே 'பாசிட்டிவ்' என்று இருந்தது. உடலுறவில் பரவும் கிருமி என்று யாரோ சொல்ல, பெண்டாட்டிக்கு வேறு ஆள் தொடர்பு இருக்கிறது என்று தேசப்பன் ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார்.

"என் ஒடம்பு பேப்பர அந்தாளு கைல இன்னாத்துக்கு குடுத்த? வூட்ட வுட்டு போவ சொல்றாரு. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்து. நீயே வந்து சொல்லு."

சூப்பர்வைசர் போகாதே என்றார். குப்பத்துச் சண்டையில் தலையிட்டால் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறார். இந்த வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போனேன்.

2. வலைக் கொட்டகை

"கல்யாணம் ஆவாத புள்ள, இதப்பத்தி உனக்கு இன்னா தெரியும் நைனா?" என்றார் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கல்யாணம் ஆகல. படிச்சிருக்கேன்" என்றேன்.

அக்காவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு சொன்னேன். உறவின்போது தோலோடு தோல் பட்டாலே இது தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. ஆணுக்கும் இருக்கும், பெரும்பாலும் அடையாளமே காட்டாது. பலருக்குத் தானாகப் போய்விடும். சிலருக்குப் பல வருடம் தங்கும். கவனிக்காமல் விட்டால் பெண்ணுக்குப் புற்றுநோய் வரை போகலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று இந்த டெஸ்ட் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பே வந்ததாகக்கூட இருக்கலாம்.

தேசப்பன் எழுந்தார். "அப்ப நான்தான் குடுத்தேன்றியா?"

"உங்களையும் சொல்லல, அவங்களையும் சொல்லல. இத வெச்சு யாரையும் சொல்ல முடியாதுண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. செல்வி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாரு குடுத்ததுன்னு நீங்க பேசிகினே இருங்க. தம்பி, அடுத்த டெஸ்டு எங்க எடுக்கணும்? அத சொல்லு."

பிராதைத் தள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அங்கே காட்ட வேண்டிய பரிந்துரைச் சீட்டைக் கொடுக்க எண்ணூர் ஸ்டேஷனுக்குப் போனேன். தேசப்பன் பத்தடி தள்ளி, கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். ரயில் வந்ததும் அவரும் அதே பெட்டியில் ஏறினார்.

அனுமதியில்லாமல் போனதற்கு மெமோ வந்தது. போனேன், இன்னொரு தரமும் போவேன் என்று பதில் எழுதினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். யார் உடம்போ அவர் கையில் கவரைக் கொடுங்கள். அவர் மீன் விற்று முடித்து வரும்வரை காத்திருங்கள். புருஷன் கேட்டாலும், ஊரே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.