கதவின் கீழ்மூலை

என் அண்ணன் பைக் சாவியால் எங்கள் வாசல் கதவைக் குத்திய அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கதவின் மேல் பிரியமே வந்தது. அதன் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் இற்றுப்போயிருந்தது. அவன் குத்தியதும் சாவி பாதிவரை உள்ளே இறங்கியது. ஈரத் தூள் உதிர்ந்தது.

"பாத்தீகளா? மழையே பெய்யாத ஊருல கதவு இத்துப்போகுதுன்னா என்ன அர்த்தம்? வீட்டுல தோசம். கல்யாணம் ஆகாத பொம்பளைக ரெண்டு பேரு இதுக்குள்ள இருக்கப்படாது. வித்துப்புடுவோம்" என்றான்.

அது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். விஸ்வநத்தத்தில் அப்பா கட்டிய வீடு அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் நானும் அங்கே இருந்தோம். பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுவது இருவருக்கும் வேலை. அண்ணன் குடும்பத்தோடு விருதுநகரில் இருந்தான். வீட்டை யாரோ குடோனுக்குக் கேட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் சம்மதிக்காமல் விற்க முடியாது. அதனால்தான் தோஷத்தைத் துணைக்குக் கூட்டிவந்தான்.

அக்கா பயந்த சுபாவம். "ஒருவேளை இருக்குமோ?" என்று அன்றைக்கெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இம்புட்டுக்காக எவன் உளியைத் தூக்குவான்? கதவையே மாத்திருங்க தாயி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகட்டும், எங்களுக்குக் கை இல்லையா?

எங்கள் கைக்குத் தெரிந்தது காகிதமும் பசையும்தான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை. அதைப் பழுப்புக் காகிதத்தில் தடவித் தடவி அந்தப் பொந்தை அடைத்தோம். வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டது. மேலே பெயிண்டும் அடித்தோம். பெருமை தாங்கவில்லை எனக்கு.

கொஞ்ச நாளில் மூலை உப்பிக்கொண்டு கதவைச் சாத்தவே முடியவில்லை. தெருவே சிரித்தது. "குழா உருட்டுற பிள்ளைக கதவுக்கும் வெடி சுத்திருக்குக" என்றாள் எதிர்வீட்டுக்காரி. செய்தி விருதுநகர் வரைக்கும் போனது.

ஆனால் அந்த உப்பல்தான் என் கண்ணைத் திறந்தது. ஒரு தூறல்கூட இல்லை. காகிதம் எந்தத் தண்ணீரைக் குடித்தது? மறுநாள் விடியும்போது அக்காவைக் கவனித்தேன். வாசல் தெளிப்பதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீரைக் கதவின் அடியில் வீசிக் கழுவினாள். அம்மாவும் அப்படித்தான் தினமும் செய்வாள். அண்ணன் சொன்ன தோஷம் அந்தச் செம்புக்குள் இருந்தது.

"கதவைக் களுவாத வீடு வெளங்குமா?" என்று அக்கா சண்டைக்கு வந்தாள்.

"களுவித்தான வெளங்காமப் போச்சு" என்றேன். ஈரத்துணியால் துடைக்கலாம், தண்ணீர் தெருவுக்கு மட்டும் என்று முடிவானது. அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டாள்.

சிவகாசிக்குப் போய் உளி வாங்கிவந்தேன். காகிதத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, இற்ற மரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். "போதும் பிள்ள, ஓட்டை பெருசாகுது" என்று அக்கா அலறினாள். நான் கேட்கவில்லை. நகத்தால் கீறினால் தடம் விழாத மரம் வரும்வரை சுரண்டினேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். உடைந்த கட்டிலின் காலை அறுத்து, அந்தப் பள்ளத்துக்கு அளவாகச் செதுக்கினேன். முதல் துண்டு சிறிதாகிப் பாழானது. இரண்டாவது துண்டை இறுக்கி அடிக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் கரையாத, இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்கும் பசையைப் போட்டு ஒட்டினேன். தண்ணீர் தங்காமல் வழிய, அடி விளிம்பைச் சரிவாகச் சீவி, எண்ணெய் பூசினேன்.

"பெயிண்ட் அடிச்சு மறைச்சிருவமா?" என்றாள் அக்கா.

"எதுக்கு? ஒட்டுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்." களவா செய்தோம், மறைப்பதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடோன்காரரையே கூட்டிவந்துவிட்டான். "நெலமையை நீங்களே பாருங்க" என்று குனிந்து, அந்த மூலையில் சாவியை ஓங்கிக் குத்தினான். சாவி வழுக்கியது. மறுபடியும் குத்தினான். ஒட்டின் மேல் வெள்ளையாய் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். குடோன்காரர் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"வேற எடத்துல இத்திருக்கும்" என்று அண்ணன் முனகினான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கன வேணாலும் குத்திப் பாருங்கண்ணே. குத்தி முடிச்சிட்டுச் சொல்லுங்க. நாங்க கதவைச் சாத்தணும்."