மேசைமேல் இருந்த அல்பம்

எண்பத்தாறில், எஸ்பியர்க் துறைமுக நகரில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டேனிஷ் முதியவர். உலகப்போரில் இங்கிலாந்துக்குத் தப்பிப்போய், ஹெலிகொப்டருக்கு முன்னோடியான சுழல்விசிறி விமானங்கள் பறந்த படையணியில் மெக்கானிக்காக இருந்தவர். ஒருநாள் அந்த விமானங்களின் படங்கள் ஒட்டிய அல்பத்தைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் விரித்தார். "இவை சுடுவதற்கல்ல, ரேடாரைச் சரிபார்க்க வட்டமடித்தவை" என்றார் பெருமையாக.

அப்போது கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ஹெலிகொப்டர் கூரைக்குமேல் இரைந்தது. நாங்கள் போருக்குத் தப்பிவந்த ஊரில் அந்தச் சத்தத்தோடு மேலிருந்து துப்பாக்கிச் சூடும் விழும். "ஹெலி வருது, படுங்கோ!" என்று கத்தி, அவரையும் மேசைக்குக் கீழே இழுத்துவிட்டேன்.

சத்தம் போய்விட்டது. "இஞ்சாருங்கோ, அவரை விடுங்கோ. இது டென்மார்க்" என்றாள் மனைவி. என் விரல்கள் அவர் சட்டையை விடவில்லை.

அவர் மேசைக்குக் கீழிருந்தபடியே மேலே கையை நீட்டித் தடவி, அல்பத்தை மூடினார். சாகும்வரை அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவேயில்லை. கொண்டுவாருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.