ஐந்து நிமிடத் துண்டுகள்

கூட்டத்தில் பேசுவதையெல்லாம் ஏன் ஐந்தைந்து நிமிடமாக வெட்டி வைக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாள் இல்லை. என் ரெக்கார்டரில் அப்படித்தான் செட் பண்ணி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு ஃபைல் தானாக முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

"இன்னா, கறிக்கடையா வெச்சுகினு கீற? துண்டு துண்டா?" என்பார். சிரிக்கட்டும்.

நான் காத்திவாக்கத்துக்காரி. முகத்துவாரத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருப்போம். அது நிறையும்வரை நாங்கள் யாரும் காத்திருப்பதில்லை. பாதி சேர்ந்ததுமே கரையில் இருக்கும் குண்டானில் கொட்டிவிடுவோம். கால் வழுக்கி விழுந்தால் பறியில் இருப்பது மட்டும்தான் போகும்.

தினமும் செய்கிற இந்த வேலையின் பாடம் போன வருடம் என் மண்டையில் உறைக்கவில்லை. ஆற்றில் கழிவுத் தண்ணீர் விடும் ஆலையின் அதிகாரி எங்கள் ஏலக்கூடத்துக்கு வந்து, குழாயை மூடிவிடுகிறோம் என்றார். மொத்தத்தையும் போனில் ஒரே ஃபைலாகப் பதிவு செய்தேன். நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. அந்த ஃபைல் அப்புறம் திறக்கவே இல்லை. அடுத்த மாதம் வந்தவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்றார். அந்த ஆத்திரத்தில்தான் பர்மா பஜாருக்குப் போய் ரெக்கார்டர் வாங்கினேன்.

இந்த முறை கூட்டத்தில் அது என் மடியில் இருந்தது. பொங்கலுக்குள் மூடிவிடுவோம் என்று அவர் நீட்டி முழக்கி முடித்தார். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"தண்ணி கறுப்பா கீது சார். கைய வெச்சா அரிக்குது. ஒரு நாளு நீங்க எறங்கிப் பாருங்க" என்று நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தபோது, ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"ரெக்கார்ட் பண்றீங்களா? முதல்ல அதை அழிங்க. இல்லன்னா நான் கிளம்பறேன்."

நிறுத்தினேன். அவர் மூக்குக்கு நேராக நீட்டி, கடைசி ஃபைலை அழித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு முன்னால் இன்னும் ஏழு ஃபைல் இருந்தன. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அதில் துளி வெட்கமும் இல்லை.

பொங்கல் வந்து போயிற்று. கறுப்புத் தண்ணீர் நிற்கவில்லை. மறுபடி ஏலக்கூடத்துக்கு வந்த அதிகாரி, "பொங்கலுக்குள்ளன்னு யாரு சொன்னது?" என்றார்.

மீன் ஏலம் விடும் மைக்கை வாங்கி, ரெக்கார்டரை அதனருகே பிடித்தேன். யார் சொன்னது என்று அவர் குரலே கூடம் முழுக்கச் சொல்லிற்று. அவர் முகம் செத்துவிட்டது.

"அன்னைக்கு என் கண்ணு முன்னாடி அழிச்சீங்களே!"

"அயிச்சது என்னோட பேச்சு சார். அத்த இன்னொரு தபா பேசிக்கிறேன். குந்துங்க."